பாகு வெல்லமும் நமத்த கடலையும்

மகளின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்குக் கடலை, எள், அவல் போட்டு வீட்டிலேயே பார் செய்கிறேன். மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடை ஒன்றில் பாகு வெல்லம் 1 கிலோ வாங்கினேன். நிறம் கொஞ்சம் கருப்புதான், முகம் சுளிக்க வேண்டாம். கரைத்து வடிகட்டினால் அடியில் துளி மண், அவ்வளவுதான். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டிக் கிண்ணத்தில் போட்டேன்: 'டங்'கென்று சத்தம்! முன்பு வாங்கிய வெல்லத்தில் இந்தப் பதம் வரவே வராது. மதியத்துக்குள் பார் நசநசத்து டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும்.

கடலைதான் சுமார். வறுத்தது என்று கொடுத்ததில் பாதி நமத்திருந்தது, மறுபடி வறுத்தேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அளவுக்கு இல்லை, சரி. டப்பா காலியாக வருகிறது. இனி அங்கே வெல்லம் மட்டும். கடலையைப் பச்சையாக வேறு கடையில் வாங்கிக்கொள்வேன்.