காட்டுயிர் காண எங்கே போகலாம்: செரெங்கெட்டி முதல் கலாபகோஸ் வரை ஒரு மதிப்பீடு

காட்டுயிர்களைக் காண்பதற்காக விடுமுறைப் பயணம் திட்டமிடுவோரில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, அங்கே என்னென்ன விலங்குகள் இருக்கின்றன என்பதைத்தான். பயண நிறுவனங்களும் அதற்கேற்பச் சிங்கம், யானை, காண்டாமிருகம், சிறுத்தை என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகின்றன. ஆனால் உலகின் பெயர்பெற்ற தலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, நான் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது. தன்னிடம் வரும் மனிதர்களை அந்த இடம் எவ்வளவு கண்டிப்புடன் நடத்துகிறது என்பதையே இப்போது முதலில் விசாரிக்கிறேன். கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில் நூறு விலங்குகள் இருந்தாலும் கண்ணில் படுவது வண்டிகளின் கூட்டம்தான்; கட்டுப்பாடு உறுதியாக இருக்கும் இடத்தில் ஒரே ஒரு விலங்கை அதன் இயல்பு மாறாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது.

இதற்குத் தான்சானியாவின் செரெங்கெட்டியையும் கென்யாவின் மாசாய் மாராவையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இருக்கும் இவை உண்மையில் ஒரே புல்வெளிதான். நீண்டகாலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கின்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்களும், அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையையும் புதுப்புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் இங்கே சுற்றிவருகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் அவை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகவே உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிகிறார்கள். கரையில் ஆயிரக்கணக்கில் திரண்டு நிற்கும் மான்கள் உடனே இறங்கிவிடுவதில்லை. முன்வரிசையில் நிற்பது நீரை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கும்; பின்னால் நிற்பவை நெருக்கும்; புழுதி எழும்பும்; ஏதோ ஓர் அசைவைக் கண்டு மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிடும். மணிக்கணக்கில் இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒன்று குதிக்க, அடுத்த நொடியில் ஆறே கொந்தளிக்கிறது. காட்சி மெய்சிலிர்க்க வைப்பதுதான். ஆயினும், நல்ல இடம் பிடிப்பதற்காகக் கரையோரம் வரை வண்டிகளை நெருக்கி நிறுத்தி, மான்கள் இறங்க வேண்டிய சரிவையே மறித்துவிடும் ஓட்டுநர்களை அங்கே பார்த்திருக்கிறேன்; வழி அடைபட்ட கூட்டம் செங்குத்தான கரையிலிருந்து குதிக்க நேர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அதைக் காண்பதற்காக ஒருவர் வாழ்நாள் சேமிப்பைச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இதே புல்வெளியை வேறு மாதத்தில், வேறு பகுதியில் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆண்டின் தொடக்கத்தில், குறிப்பாகப் பிப்ரவரியை ஒட்டி, செரெங்கெட்டியின் தெற்கே உள்ள இண்டுடு சமவெளியில் வில்டபீஸ்ட் மான்கள் சில வாரங்களுக்குள் ஏறத்தாழ ஒட்டுமொத்தமாகக் கன்று ஈனுகின்றன. எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் வளரும் குட்டைப்புல்லில் தாய் மான்களுக்குத் தேவையான தாதுச்சத்துகள் மிகுந்திருக்கின்றன. புல் குட்டையாக இருப்பதால் பதுங்கி வரும் வேட்டை விலங்குகளையும் தொலைவிலேயே கண்டுகொள்ள முடிகிறது. பிறந்த சில நிமிடங்களிலேயே கன்று கால்களை அகட்டி ஊன்றி, விழுந்து, மறுபடி எழுந்து தாயின் பின்னால் ஓடத் தொடங்குவதையும், சற்றுத் தள்ளிக் கழுதைப்புலி பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் போடுவதையும் ஒரே பார்வையில் காணலாம். சமவெளி அகன்று கிடப்பதால் வண்டிகளும் சிதறிவிடுகின்றன.

மாராவுக்கே போகத்தான் வேண்டும் என்றால், தேசியக் காப்பகத்தை ஒட்டியுள்ள சமூகக் காப்பு நிலங்களில் தங்குவது நல்லது. நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற இந்த நிலங்கள் மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. தங்கும் முகாம்கள் அவர்களுக்கு வாடகை செலுத்துகின்றன. ஒரு விலங்கைச் சுற்றி எத்தனை வண்டிகள் நிற்கலாம் என்பதற்கு அங்கே வரம்பு உண்டு; இரவு நேரச் சஃபாரிக்கும் நடைப்பயணத்துக்கும் அனுமதி உண்டு. கட்டணம் கூடுதல்தான். ஆனால் சிவிங்கிப்புலி ஒன்று தன் குட்டிகளோடு கறையான் புற்றின் மேல் ஏறி நின்று சமவெளியை அளந்து பார்ப்பதை, எஞ்சின் ஓசையே இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அந்தக் கூடுதல் தொகை தகும்.

செலவைக் குறைக்க வேண்டியவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவே பொருத்தமானது. சொந்தமாக வாடகைக் கார் ஓட்டிச் சென்று, பூங்காவின் முகாம்களிலேயே தங்கிக்கொள்ளலாம். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, குறிக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. நீர்நிலை ஒன்றின் அருகே வண்டியை நிறுத்திவிட்டு அரைநாள் காத்திருக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அங்கே வழிகாட்டியே தேவைப்படாது. காலால் நடந்தே காட்டை அறிய விரும்புவோர் ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா பள்ளத்தாக்கை நாடலாம். நடைச் சஃபாரி வேரூன்றிய இடம் அதுதான், அங்குள்ள வழிகாட்டிகளின் தேர்ச்சியும் அதற்கேற்ப உயர்ந்தது.

கட்டுப்பாடு விலங்கையே காப்பாற்றிய கதைக்கு ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்கும் உகாண்டாவின் புவிண்டிக் காட்டுக்கும் போக வேண்டும். எரிமலைகள் பூங்கா அமைந்துள்ள விருங்கா மலைத்தொடரில் 1981-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 250 ஆகக் குறைந்திருந்த மலைக் கொரில்லாக்கள், 2015–16 கணக்கெடுப்பில் 604 ஆக உயர்ந்திருந்தன. மனிதர்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டுமே, அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம். சளி, இருமல் இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை. நம்மிடமிருந்து தொற்றும் சுவாச நோய் ஒரு குடும்பத்தையே அழித்துவிடக்கூடும் என்பதால் இடைவெளியும் முகக்கவசமும் வலியுறுத்தப்படுகின்றன. அனுமதிச் சீட்டின் விலை ருவாண்டாவில் 1,500 அமெரிக்க டாலர். உகாண்டாவில் 2024 ஜூலை முதல் 800 டாலர். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. காவலர்களின் ஊதியமும், சுற்றியுள்ள ஊர்களுக்குச் சேரும் பங்கும் இந்த வருவாயிலிருந்துதான் வருகின்றன என்பதால், நான் இதை நியாயமான விலை என்றே மதிப்பிடுவேன். புவிண்டியில் சரிவு கடுமையானது. சேற்றில் பல மணி நேரம் ஏறி இறங்க வேண்டியிருக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நடை குறைவான குடும்பத்தை ஒதுக்கித் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனை தலங்களிலும் என் மனத்துக்கு மிக நிறைவாகப் படுவது எக்வடோரைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுக்கூட்டம். அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு தேசியப் பூங்கா. சான்றிதழ் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அதன் பெரும்பாலான பகுதிகளில் கால் வைக்க முடியாது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. ஒரு சுற்றுலாக் கப்பலில் நூறு பேருக்கு மேல் அனுமதியில்லை, ஒரே கரைக்கு ஒரு கப்பல் பதினான்கு நாட்களுக்குள் இரண்டாம் முறை வரவும் கூடாது. இவ்வளவு விதிகளையும் கேட்டால் அலுப்புத் தட்டும் என்று தோன்றலாம். அங்கே போய் இறங்கியதும் அந்த எண்ணம் அகன்றுவிடுகிறது. நிலத்தில் வேட்டையாடும் பெரிய பாலூட்டிகள் இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உயிரினங்கள் என்பதால், மனிதனைக் கண்டு ஓட வேண்டும் என்று அவற்றுக்குத் தோன்றுவதில்லை. கடலடியில் பாசி மேய்ந்துவிட்டுக் கரையேறும் கடல் இகுவானா என்னும் பெரிய பல்லிகள் கறுத்த எரிமலைப் பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து வெயில் காய்கின்றன. உடலில் சேர்ந்த உப்பை மூக்கு வழியே சீறித் தள்ளுகின்றன. அந்த உப்பு தலையிலேயே விழுந்து காய்ந்து வெள்ளைத் தொப்பிபோல் படிந்துவிடுகிறது. பாதையின் குறுக்கே முட்டையிட்டிருக்கும் நீலக்கால் பூபி என்ற கடற்பறவைக்கு வழிவிட்டு நாம்தான் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

கலாபகோஸைத் தேர்ந்தெடுப்பவர் மேலும் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டும். டிசம்பர் முதல் மே வரை கடல் வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை குளிர்ந்த நீரோட்டங்களால் கடலில் உணவு பெருகுவதால் கடற்பறவைகளும் கடற்சிங்கங்களும் சுறுசுறுப்பாக இருக்கும், ஆனால் அலை கடுமையாக இருக்கும். அலைவரி அல்பட்ராஸ் பறவைகளின் இணைகூடும் நடனத்தைக் காண விரும்புபவர், அவை எஸ்பனோலா தீவில் தங்கும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் வர வேண்டும். ஊரில் விடுதி எடுத்துத் தங்கி நாள்தோறும் படகில் போய்வருவது மலிவு. எனினும் ஃபெர்னாண்டினா, ஹெனோவேசா போன்ற தொலைதூரத் தீவுகளை முறையாகப் பார்க்க, இரவில் பயணிக்கும் கப்பலே ஏற்றது. வெளிநாட்டுப் பயணிகளுக்கான பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலராக உயர்ந்துவிட்டது.

மழைக்காடுகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் எதிர்பார்ப்பைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். அடர்ந்த இலைகளுக்குள் விலங்கு பத்தடி தொலைவில் நின்றாலும் தெரியாது. இதனாலேயே போர்னியோ தீவில் மலேசியாவுக்குரிய சபா மாநிலத்தில் பாயும் கினபடாங்கன் ஆறு புகழ்பெற்றிருக்கிறது. மாலையில் படகில் போனால், இரவு தங்குவதற்காகக் கரையோர மரங்களுக்கு வரும் நீள்மூக்குக் குரங்குகளையும், தலைக்கு மேல் கடந்துபோகும் இருவாட்சிகளையும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒராங்குட்டானையும் காணலாம். அவை இவ்வளவு எளிதாகத் தென்படுவதற்கு ஒரு வருத்தமான காரணம் உண்டு. இரு கரையிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பரவிவிட்டதால், எஞ்சிய காடு ஆற்றோரத்தில் குறுகிய பட்டையாகச் சுருங்கியிருக்கிறது. அதே சபாவில் உள்ள டானும் பள்ளத்தாக்கில், வெட்டுப்படாத பழங்காட்டில், பார்ப்பது குறைவாக இருந்தாலும் விலங்குகள் வாழும் முழு வாழ்விடத்தையும் உணர முடிகிறது. நேரம் இருப்பவர்கள் இரண்டையும் பார்க்கலாம். ஒன்றுதான் முடியும் என்றால் நான் டானுமையே சொல்வேன்.

பெரும்பூனையைத் திறந்த வெளியில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குப் பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலம் இருக்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை நீர் வற்றும் காலத்தில், போர்த்தோ ஜோஃப்ரே என்ற சிற்றூரிலிருந்து படகில் கிளம்பினால் ஆற்றங்கரையில் ஜாகுவாரைக் காண நல்ல வாய்ப்பு உண்டு. கெய்மன் முதலையை அது நீருக்குள் பாய்ந்து பிடிப்பதைக்கூடப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு படகு கண்ட செய்தி வானொலியில் போனதும் மற்றப் படகுகள் அனைத்தும் விரைந்து வந்துவிடுகின்றன. மாராவின் நோய் இங்கும் தொற்றிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

துருவப் பகுதிகளைப் பொறுத்தவரை, அண்டார்க்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது என்பதையும், ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் யாரையும் இறக்குவதில்லை என்பதையும் நினைவில் வைத்துச் சிறிய கப்பலாகப் பார்க்க வேண்டும். பனிக்கரடிக்குக் கனடாவின் சர்ச்சில் ஊரில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஏற்றவை. ஹட்சன் விரிகுடா உறைவதற்காக அவை அப்போது கரையில் காத்திருக்கின்றன. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2025 முதல் கரடிகளிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை அது 500 மீட்டர். நெருக்கமான புகைப்படத்தையே குறியாகக் கொண்டவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அந்த விதி முற்றிலும் சரியாகப் படுகிறது.

இடத்தைத் தீர்மானித்த பிறகு, முன்பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வண்டியில் எத்தனை பேர், ஜன்னலோர இருக்கை எல்லோருக்கும் உண்டா, வழிகாட்டி அந்தப் பகுதியைச் சேர்ந்தவரா, விலங்கின் அருகே கூட்டம் சேர்ந்தால் அவர் விலகிப் போவாரா என்று கேளுங்கள். விலங்கு கட்டாயம் தென்படும் என்று உறுதி கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அந்த உறுதியைக் காப்பாற்ற ஓட்டுநர் விலங்கைத் துரத்த வேண்டியிருக்கும். ஆறு பூங்காக்களை அவசரமாகத் தொட்டுச் செல்லும் திட்டத்தைவிட, ஒன்றிரண்டில் நிலைத்துத் தங்கும் திட்டமே மேலானது. முதல் நாள் வெறும் மான்கூட்டமாகத் தெரிந்தது, மூன்றாம் நாள் தலைமையும் பகையும் தாய்மையும் உள்ள குடும்பமாகத் தெரியத் தொடங்கும். சிங்கக்குட்டியைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம், யானைமேல் சவாரி போகலாம் என்று எந்தத் திட்டத்தில் எழுதியிருந்தாலும், மற்ற அம்சங்கள் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அந்த நிறுவனத்தை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.