கல்லின் கனவளவு, கடல்நீரின் அடர்த்தி: எதை எதால் அளப்பது?

அடர்த்தி என்றால் திணிவைக் கனவளவால் வகுப்பது. சாதாரண தரப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். திணிவில் பெரிய சிக்கல் இல்லை, தராசு சொல்லிவிடும். வில்லங்கம் கனவளவில்தான். செங்கட்டி என்றால் அடிமட்டம் போதும். யாழ்ப்பாணத்து வளவில் கிணறு வெட்டும்போது கிளம்புகிற சுண்ணக்கல்லுக்கு எதை நீளம், எதை அகலம் என்பது?

பள்ளிக்கூடம் முதலில் நீட்டுவது அளவுச்சாடி. 54 கிராம் கல்லொன்று 20 மில்லிலீற்றர் நீரை ஏற்றினால் அடர்த்தி மில்லிலீற்றருக்கு 2.7 கிராம். அரை மில்லிலீற்றர் பிசகாக வாசித்தால் பிழை 2.5 சதவீதம், அது பரவாயில்லை. ஆனால் சாடியின் வாய்க்குள் நுழையாத கல்லுக்கு இது உதவாது. கல்லை நூலில் கட்டி இறக்காமல் தொப்பென்று போட்டால் கண்ணாடியும் மிஞ்சாது.

அடுத்தது யுரேக்காப் பாத்திரம், கல்லை இறக்கியதும் பக்கக் குழாயால் வழியும் நீரைப் பிடித்து அளப்பது. படத்தில் அழகு, கையில் அவ்வளவு நம்பிக்கையில்லை. மேற்பரப்பு இழுவிசையால் குழாய் வாயில் நீர் தயங்கி நிற்கும். ஒருதரம் நாலு துளி கூட விழும், மறுதரம் விழாது. சின்னக் கல்லுக்கு அந்த நாலு துளியே கணக்கைக் கெடுத்துவிடும். மாம்பழம், அம்மிக் குழவி மாதிரிப் பெரிய சாமான்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என் வாக்கு மூன்றாவதற்கு: சமையல் டிஜிற்றல் தராசு. தராசில் தண்ணீர்க் கிளாசை வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கனவளவு, மில்லிலீற்றரில். நீர் கல்லை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ, அவ்வளவு கல் நீரைக் கீழே தள்ளுகிறது. தராசு அதைத்தான் காட்டுகிறது. அந்தத் தள்ளல் கல் விலக்கிய நீரின் எடைக்குச் சமம், ஒரு மில்லிலீற்றர் நீரோ ஒரு கிராம். நூலைத் தளர்த்திக் கல்லை அடியில் இருக்க விட்டால் முழுத் திணிவும் வந்துவிடும். பிறகென்ன, ஒரே கிளாசில் இரண்டு அளவும் கிடைத்தாச்சு.

இதிலே இன்னொரு வேடிக்கை உண்டு. நம் சுண்ணக்கல் பொந்து நிறைந்தது. காய்ந்த கல்லைத் தொங்கவிட்டால் குமிழிகள் கிளம்பும், தராசின் எண் மெல்ல இறங்கும். கல்லுக்குள் நீர் புகுவது எண்ணாகவே தெரியும். சுண்ணக்கல்லின் கனிமமான கல்சைற்றின் அடர்த்தி 2.71, பொந்துகளையும் சேர்த்து அளந்தால் அதைவிடக் குறையும். எந்தக் கனவளவு வேண்டும் என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். உப்புக்கட்டியும் பனங்கட்டியும் கரைந்துவிடும் என்பதால், நீருக்குப் பதில் மண்ணெண்ணெயில் தொங்கவிட்டு, வரும் எண்ணை அந்த எண்ணெயின் அடர்த்தியால் வகுக்கலாம். அது ஏறக்குறைய 0.8.

கஸ்தூரியார் வீதியில் வாங்கிய 8 கிராம் பவுண் காசின் கனவளவு 0.45 மில்லிலீற்றர்தான். அளவுச்சாடியில் அது கண்ணுக்கே படாது. 0.01 கிராம் தராசில் தொங்கவிட்டுக் கணக்கிட்டால் அடர்த்தி 22 கரட்டுக்குரிய 17.8க்குக் கிட்ட வரும். பித்தளை என்றால் 8.5 அளவில் மாட்டிக்கொள்ளும். ஆனால் தங்குதன் என்ற உலோகத்தின் அடர்த்தி சுத்தத் தங்கத்தைப் போலவே 19.3. அதை உள்ளே வைத்துப் பொன் பூசிச் சுத்தத் தங்கமென்று தந்தால் இந்தப் பரீட்சையும் ஏமாறலாம்.

சரி, திரவங்களுக்கு? இங்கே நீரமானியும், கனவளவு தெரிந்த, மூடியில் துளையுள்ள அடர்த்திப் போத்தலும். நீரமானிக்குத் தராசே தேவையில்லை, மிதக்கவிட்டு வாசித்தால் போதும். பற்றரிக் கடைக்காரர் அமிலத்தைப் பார்ப்பதும் இதே வகைக் கருவியால்தான். முழுச் சார்ஜில் 1.27 அளவு காட்டும். ஆனையிறவு மாதிரியான உப்பளத்தில் பாத்திநீர் 1.21ஐ எட்டும்போதுதான் உப்புப் பூக்கத் தொடங்கும். வெயிலுக்குள் நின்று அதைப் பார்க்க இதைவிடத் தோதான சாமான் இல்லை. கள்ளில் மட்டும் கவனம், குமிழிகள் ஒட்டி நீரமானியைத் தூக்கிவிடும்.

50 மில்லிலீற்றர் அடர்த்திப் போத்தலும் 0.01 கிராம் தராசும் இருந்தால் நாலாம் தசமம் வரை போகலாம். பொறுமை வேண்டும். கைச்சூடு பட்டாலே மூடித் துளையால் திரவம் கசியும். பனம்பாணியை அளந்துவிட்டுக் கழுவுவது தனித் தண்டனை.

குடாநாட்டின் நன்னீர், நிலத்தடியில் 1.025 அடர்த்தியுள்ள கடல்நீர்மேல் மிதக்கிறது. அந்த 0.025 வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் இருக்கும் என்பது கணக்கு. அப்படியென்றால் கிணறு உவராகிறதா என்று அடர்த்தியால் பார்க்கலாமா? கடல்நீரையும் நன்னீரையும் பிரித்தறிய அளவுச்சாடிகூடப் போதும். ஆனால் லீற்றருக்கு 2 கிராம் உப்பு, நாக்கிலேயே கரிக்கும் அளவு, அடர்த்தியைக் கூட்டுவது சுமார் 0.0015தான். முற்றத்தில் வைத்த அதே நீர் 26 பாகையிலிருந்து 32 பாகைக்குச் சூடானால் அடர்த்தி அதைவிடச் சற்று அதிகமாகவே குறைந்துவிடும். வெப்பமானி இல்லாமல் போத்தலை நிறுப்பது வீண்வேலை. கிணற்றுக்கு, உப்புக் கூடக் கூட ஏறும் மின்கடத்துதிறனை அளக்கும் மானியை வாங்குங்கள்.