முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு: டயட்டில் தின்பண்டத்துக்கு எங்கே இடம்?

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். காசிமேட்டில் பொழுது விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் ஒரே நாளில் கணக்குத் தீர்க்கிறார்கள். புரட்டாசி விரதம் எடையைக் குறைக்க வந்ததல்ல என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எடை குறைக்கக் கிளம்பியவர்களில் பலர் இதையே வாரக் கணக்கில் செய்கிறார்கள். ஆறு நாள் புரட்டாசி, ஏழாம் நாள் ஐப்பசி. அதற்கு 'சீட் டே' (cheat day, டயட்டை ஏமாற்றும் நாள்) என்று பெயர்.

வேறு வழிகளும் உண்டு. இனிப்பையும் பொரித்ததையும் அறவே விட்டுவிடலாம். வாரத்தில் ஒரு வேளை மட்டும் விருப்பம்போலச் சாப்பிடலாம். அல்லது தினமும் ஒரு சிறு துண்டை உணவுக் கணக்குக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளலாம். 86 கிலோவிலிருந்து 77 கிலோவுக்கு இறங்கிய இரண்டு ஆண்டுகளில் நான்கையும் முயன்று பார்த்தேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வேளைக் கட்சி. மற்ற மூன்றையும் ஏன் விட்டேன் என்பதில்தான் சொல்ல வேண்டியது அதிகம்.

முதலில் சீட் டே. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் 1500 மட்டும் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். ஆறு நாளில் 3000 கலோரி மிச்சம். ஞாயிறு காலை நெய்ப் பொங்கலும் இரண்டு வடையும் 700. மதியம் பிரியாணியும் சிக்கன் 65-உம் 1200. மாலையில் இரண்டு பஜ்ஜி, ஒரு காபி 350. இரவு சால்னாவுடன் மூன்று பரோட்டா 1150. எல்லாம் தோராயக் கணக்குதான். எண்ணெய் ஊற்றுகிற கையைப் பொறுத்து ஏறும், இறங்கும். கூட்டினால் 3400 வருகிறது. தேவைக்கு மேல் 1400. ஆறு நாள் சேமிப்பில் கிட்டத்தட்ட பாதி ஒரே நாளில் போய்விட்டது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்பது பொதுவான கணக்கு. அதன்படி ஏழு நாளும் 1500-இலேயே நின்றிருந்தால் வாரத்துக்கு 450 கிராம் குறைய வேண்டியவருக்கு 200 கிராம்தான் குறைகிறது. ஆறு நாள் பட்டினிக்கு இது மிகக் குறைந்த கூலி.

இதைவிடக் கொடுமை திங்கட்கிழமை காலை எடை பார்ப்பது. முள் ஒன்றரைக் கிலோ ஏறி நிற்கும். அதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். நிறைய மாவுச்சத்து உண்டால் உடல் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. சால்னாவில் இருந்த உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இரண்டு மூன்று நாளில் அது தானாக இறங்கிவிடும். இது தெரியாமல் திங்கட்கிழமை முழுவதும் வெறும் மோர் குடித்து என்னையே தண்டித்துக்கொண்ட வாரங்கள் உண்டு. செவ்வாய் மாலைக்குள் பசி தாங்காமல் மிக்சர் டப்பாவில் கை போயிருக்கும். அப்புறம் ஞாயிறுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அப்படியானால் அறவே விடுவதுதான் சரியா? சில பொருள்களில் சரி. டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். முதல் பத்து நாள் மருந்து குடிப்பதுபோல் இருந்தது. இரண்டாம் மாதம் யாரோ சர்க்கரை போட்ட டீயைக் கொடுத்தபோது திகட்டியது. தினமும் பேரம் பேசத் தேவையில்லை என்பதுதான் முழுத் தடையின் பெரிய வசதி. 'இன்று ஒன்று சாப்பிடலாமா' என்ற கேள்வியே எழாது.

ஆனால் எல்லாத் தின்பண்டத்தையும் சேர்த்துத் தடை போட்டால் வேறொரு சிக்கல் வருகிறது. 1975-இல் ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்க்கச் சொன்னார்கள். வழக்கமாக உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுபவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். அதுதான் ஏற்கெனவே கெட்டுவிட்டதே, இனி என்ன! ஆய்வாளர்கள் நம் ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் பெயர் தேடி அலைந்திருக்க வேண்டாம். முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்று நம் பாட்டிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

கல்யாண வீட்டில் இதை நன்றாகப் பார்க்கலாம். பந்தியில் இலை போட்டவுடன் ஜாங்கிரி வந்து விழும். வேண்டாம் என்று கையை மறிப்பதற்குள் பரிமாறியவர் அடுத்த இலைக்குப் போயிருப்பார். தடையில் இருப்பவர் அதைத் தின்றுவிட்டால், அந்த 150, 200 கலோரியால் வரும் நட்டம் சிறியது. அதற்குப் பின் 'இன்றைக்கு அவ்வளவுதான்' என்று வாங்கிக்கொள்ளும் பாயசமும், அப்பளமும், இரவு வீட்டில் தொடரும் தாம்பூலப் பை லட்டும்தான் பெரிய நட்டம். ஒருமுறை தப்பிப்பதற்காக 'எனக்குச் சர்க்கரை இருக்கிறது' என்று பொய் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் மூன்று சித்திகள் போன் செய்து வெந்தயத்துக்கும் ஆவாரம்பூவுக்கும் செய்முறை சொன்னார்கள். அந்த வழி யாருக்கும் வேண்டாம்.

தினமும் ஒரு துண்டு என்பது காகிதத்தில் மிக அழகான திட்டம். 20 கிராம் கடலைமிட்டாய் ஏறக்குறைய 100 கலோரி. அதை 1500-க்குள் அடக்கிவிட்டால் வாரச் சேமிப்பு 3500 அப்படியே நிற்கும். குற்ற உணர்வும் இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நம்மில் பலருக்கு அந்தத் தினசரித் துண்டு ஏற்கெனவே டம்ளரில் இருக்கிறது. நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 30 கிராம், 120 கலோரி. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அந்த ஐந்து சதவீதம் ஏறத்தாழ 25 கிராம். காபியே அதைத் தாண்டிவிட்ட பிறகு கோவில்பட்டிக்கு எங்கே இடம்? இரண்டு, துண்டு வேண்டுமென்றால் பாக்கெட் வீட்டில் இருக்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்து, மூடி வைத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். என் மனைவி அப்படித்தான். அவளுக்கு இந்த முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. நான் அந்த ஜாதி இல்லை.

ஒரு வேளைக்கு வருவோம். அதே ஞாயிறு. காலை மூன்று இட்லி சாம்பார் 300, மதியம் பிரியாணி தொட்டுக்கைகளோடு 1100, இரவு இரண்டு தோசையும் சட்னியும் 400. மொத்தம் 1800. வாரக் கணக்கில் 3200 மிச்சம், சுமார் 415 கிராம். சீட் டே முறையோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. ஞாயிறும் பட்டினி கிடந்தவரோடு ஒப்பிட்டால் 40 கிராம்கூடக் குறைவில்லை. அந்தச் சொற்ப வித்தியாசத்துக்கு ஒரு பிரியாணி கிடைக்கிறது. இதைவிட லாபமான வியாபாரம் எனக்குத் தெரியாது.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. எந்த வேளை என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். கடையைக் கடக்கும்போது முடிவு செய்தால் அது வேறு கணக்கு. வெளியில் போய், நாலு பேருடன் உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது. பார்சல் வாங்கினால் மீதம் வரும், மீதம் இரவில் கூப்பிடும். வாரத்தில் கல்யாணம் வந்தால் அந்த வாரப் பிரியாணி கல்யாணச் சாப்பாடாக மாறிவிடும். எடையைச் சனிக்கிழமை காலை பார்த்தால் மனம் நிம்மதியாக இருக்கும்.

ஐந்தாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: டயட்டுக்கே விடுமுறை விடுவது. டாஸ்மேனியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடற்பருமன் உள்ள 51 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வில், தொடர்ந்து 16 வாரம் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிட, இரண்டு வாரம் குறைத்தும் இரண்டு வாரம் நிறுத்தியும் அதே 16 வாரத்தை முடித்தவர்கள் அதிகம் இளைத்தார்கள். ஏறக்குறைய 9 கிலோவுக்கு எதிராக 14 கிலோ. இதைப் படித்துவிட்டு இரண்டு வாரம் விருந்துண்ணக் கிளம்பிவிடாதீர்கள். அந்த இடைவேளையில் அவர்கள் உண்டது எடை ஏறாமலும் இறங்காமலும் இருக்கிற அளவு மட்டுமே. மொத்தத் திட்டமும் 30 வாரம் நீண்டது. தீபாவளியை ஒட்டி இப்படி ஓர் இடைவேளை விடுவது எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்த வாரம் இளைக்க முயல்வது வீண்வேலை. ஏறாமல் பார்த்துக்கொண்டாலே பெரிது.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்களும் இதில் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது. மருத்துவரிடம் கேட்ட பிறகே. யாரும் பார்க்காத நேரத்தில் கட்டுப்பாடின்றித் தின்றுவிட்டு வெட்கப்படும் பழக்கம் உள்ளவர்களுக்கு முழுத் தடையும் ஆபத்து, சீட் டேயும் ஆபத்து. அவர்களுக்கு முதலில் வேண்டியது டயட் அல்ல, சிகிச்சை.

என் ஏற்பாடு இப்போது இப்படி இருக்கிறது: ஞாயிறு மதியம் பிரியாணி, புதன்கிழமை மாலை டீக்கடையில் நின்றபடியே ஒரு மசால் வடை. மிக்சர் மட்டும் இன்றுவரை எனக்கு அடங்கவில்லை. ஆகவே அது எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. விருந்தாளிகள் வாங்கி வந்தால் அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறது. அவள் பையனுக்கு இந்த டயட் மிகவும் பிடித்திருக்கிறது.