சொட்டுநீருக்கு வெஞ்சுரி: மூன்று போகம் தக்காளிக்குப் பிறகு எழுதுகிறேன்

தருமபுரிப் பக்கம் போர் போட்டவர்களுக்குத் தண்ணீர்க் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பாலக்கோட்டை ஒட்டி எனக்கு ஒரு ஏக்கர் தக்காளி. மானியத்தில் சொட்டுநீர் போட்டேன் (தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75). ஆனால் உரத்தை மட்டும் ரொம்ப நாள் பழையபடி கையால்தான் வைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. சொட்டுநீரில் ஈரம் டிரிப்பரை (தண்ணீர் சொட்டுகிற துளையை)ச் சுற்றித்தான் இருக்கும், வேரும் அங்கேயேதான் கூடும், தள்ளிக் காய்ந்த மண்ணில் கிடக்கிற யூரியா செடிக்குப் போய்ச் சேராது.

அப்புறம்தான் உரத்தைச் சொட்டுநீரோடு சேர்த்தே விடுகிற கருவியான வெஞ்சுரியை, முக்கால் இன்ச் அளவில் வாங்கினேன். கரண்டு வேண்டாம், உள்ளே சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. நடுவில் குறுகின குழாய், அந்த இடத்தில் தண்ணீர் வேகமாக ஓடும்போது அழுத்தம் விழுந்து, வாளியில் கரைத்து வைத்த உரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். மெயின் லைனில் இருக்கிற கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினால்தான் உறிஞ்ச ஆரம்பிக்கும். இதில் அழுத்தம் நிறைய போய்விடுகிறது, அதனால் போரில் தண்ணீர் குறைந்தவர்கள் மொத்தக் கொல்லைக்கும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். 5 அடிக்கு ஒரு லேட்டரல் (வரிசையில் ஓடுகிற சின்னக் குழாய்), 40 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர் என்றால் ஏக்கருக்கு 6,600 டிரிப்பர் வருகிறது, ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் 26,000 லிட்டருக்கு மேல் வேண்டும், எந்தப் போர் தரும்? நான் மூன்று பிரிவாகப் பிரித்து வால்வு போட்டிருக்கிறேன்.

பொருளில் குறை இல்லை. பொருத்த வந்த கம்பெனிக்காரர்கள் மேல்தான் கோபம். வெஞ்சுரியை, தூசியைக் கடைசியாக வடிகட்டுகிற டிஸ்க் ஃபில்டருக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், கரையாத உரத்துகள் எல்லாம் நேராக டிரிப்பருக்குள் போய் முதல் போகத்தில் கடைசி வரிசைகள் வாடிவிட்டன. மணல் ஃபில்டருக்குப் பின்னால், டிஸ்க் ஃபில்டருக்கு முன்னால் இருக்க வேண்டும். போன் செய்து செய்து பார்த்து, கடைசியில் உள்ளூர் பிளம்பரை வைத்து நானே மாற்றினேன். அழுத்தமானியும் அவர்கள் வைக்கவில்லை, அது இல்லாமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உரம் விஷயம். டிஏபியை இதில் விடவே கூடாது, முழுசாகக் கரையாது, அடியில் சேறு மாதிரி தங்கும். சிவப்புப் பொட்டாஷும் அப்படித்தான். நீரில் கரையும் உரம் விலை அதிகம், எல்லாவற்றையும் அதிலேயே கொடுக்க நம்மால் முடியாது. அதனால் மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துத் தொழுஉரமும் சூப்பர் பாஸ்பேட்டும் அடியுரமாகப் போட்டுவிடுகிறேன், யூரியாவை வெஞ்சுரியில் மூன்று நாளைக்கு ஒரு தடவை கொஞ்சமாக, ஆரம்பத்தில் சிறிது 12:61:0, காய் பிடித்த பிறகு 13:0:45 (இரண்டும் நீரில் கரையும் உரம், எண்கள் தழை, மணி, சாம்பல் சத்தின் சதவீதம்). கால்சியம் நைட்ரேட்டை வேறொரு நாளில் தனியாகத்தான் விட வேண்டும். ஒரு தடவை 12:61:0 உடன் சேர்த்துக் கரைத்தேன், வாளி பால் மாதிரி திரிந்துவிட்டது, அது குழாய்க்குள் போயிருந்தால் மொத்த லேட்டரலும் வீண். முதல் கால் மணி நேரம் வெறும் தண்ணீர், பிறகு உரம், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர். வாரம் ஒருமுறை லேட்டரல் முனையில் இருக்கிற எண்ட் கேப்பை (மூடியை)த் திறந்து அழுக்கை வெளியே விடுங்கள். எங்கள் தண்ணீர் உப்பு, அதனால் டிரிப்பரில் படிகிற உப்பைக் கரைக்க ஆசிட்டும் விட வேண்டியிருக்கிறது (தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஒருநாளும் ஊற்றாதீர்கள்).

மகசூல்? முதல் பறிப்புகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் கடைசியில்தான். முன்பெல்லாம் ஐந்தாறு பறிப்புக்குள் இலை மஞ்சளாகிக் காய் கோலிக்குண்டு மாதிரி சிறுத்துவிடும், இப்போது அதற்கப்புறமும் மார்க்கெட்டில் முதல் ரகமாக எடுக்கிற காய் வருகிறது, அடி கறுத்த காய்களும் குறைந்துவிட்டன. யூரியா மூட்டையும் குறைவாகத்தான் வாங்குகிறேன். சொட்டுநீர் ஏற்கெனவே இருக்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம், வைக்கிற இடத்தை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.