செம்புக் குழாய்க்கு ஃப்ளேரா, பிரேஸிங்கா?

காசிமேட்டில் கடற்காற்று படும் மாடியில் ஏசி பொருத்தும்போது, செம்புக் குழாயின் வாயை 45 பாகையில் விரித்துப் பித்தளை நட்டால் இறுக்குவதா (ஃப்ளேர்), ஒரு குழாயின் முனையை அகட்டி அதற்குள் மற்றதைச் செருகிப் பற்றவைப்பதா (பிரேஸிங்) என்ற கேள்வி எழுகிறது.

ஃப்ளேருக்கு நெருப்பு வேண்டாம், பின்னர் கழற்றவும் முடியும். ஆனால் வெட்டிய இடத்துப் பிசிறை நீக்காமல் விரித்தாலோ, ஒரே வாயை மறுபடி மறுபடி விரித்துச் செம்பு கடினமானாலோ, வாய் மயிரிழையாய் வெடித்து, கேஸ் மெல்லக் கசியத் தொடங்கும்.

பற்றவைத்த இணைப்பு அதிர்வை நன்றாகத் தாங்கும். உள்ளே நைட்ரஜனை ஓடவிடாமல் சூடாக்கினால் கரும்படலம் படிந்து, பிறகு உதிர்ந்து கேப்பிலரி என்னும் மெல்லிய குழாயை அடைக்கும்; அவசரத்தில் விடுபடுவது இந்த நைட்ரஜன்தான்.

சுவருக்குள் மறையும் இணைப்புக்குப் பிரேஸிங்கே என் தேர்வு. யூனிட்டின் வால்வில் மட்டும் ஃப்ளேர், அதையும் குறித்த விசைக்கு மட்டும் இறுக்கும் டார்க் ஸ்பேனரால் இறுக்கிச் சோப்பு நுரை தடவிப் பார்த்த பிறகே ஏற்பேன்.