கலர் பாரை நம்பினேன்: நான்கு ஆண்டு டெஸ்ட் பேட்டர்ன் அனுபவம்

கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் தொழிற்சாலைக் கேமராக்களோடு வேலை செய்யத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆரம்பத்தில் படம் கோடு கோடாக வந்தால் லென்ஸைத் துடைப்பேன், விளக்கை மாற்றுவேன், கடைசியில் கேபிளைக் கழற்றி மாட்டுவேன். அமைப்புப் பட்டியலில் டெஸ்ட் பேட்டர்ன் என்ற வரி தினமும் கண்ணில் பட்டும் அதைத் தொட்டதில்லை.

அதை இயக்கினால், சென்சார் பார்ப்பதை விட்டுவிட்டு கேமரா தானே கணக்குப் போட்டு ஒரு படத்தை அனுப்பும். வெளிச்சமோ இரைச்சலோ (படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகள்) அதில் கலக்காது. எந்தப் பிக்சலில் என்ன எண் வர வேண்டும் என்பது முன்பே தெரியும். வேறு எண் வந்தால் கோளாறு வழியில்தான்: கேபிள், நெட்வொர்க் கார்டு, டிரைவர், இல்லையென்றால் நாம் எழுதிய நிரல்.

பலரையும் போல, வண்ணப் பட்டைகள் வரிசையாக நிற்கும் கலர் பார் என்ற பேட்டர்னில்தான் ஆரம்பித்தேன். சிவப்பும் நீலமும் இடம் மாறியிருந்தால் அது உடனே சொல்லிவிடும். மஞ்சளும் சியானும் ஒன்றுக்கொன்று மாறி நிற்கும், பச்சையும் மெஜந்தாவும் அப்படியே இருக்கும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. முழுச்செறிவுள்ள பட்டைகளில் ஒவ்வொரு நிறத்தின் 8 பிட் மதிப்பும் 0 அல்லது 255, அதாவது எட்டு பிட்டும் 0 அல்லது எட்டும் 1. எட்டு பிட்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால், பிட்டுகளைச் சுமக்கும் இரண்டு டேட்டா கம்பிகள் மாறிப் போயிருந்தாலும் படம் பளிச்சென்றே வரும். நானே செய்த ஒரு போர்டில் மேல் பிட்டுகள் இரண்டும் மாறியிருந்தன. கலர் பார் எதையும் காட்டவில்லை. கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக ஏறும் கிரே ராம்ப்பைப் போட்டதும் படம் நான்கு துண்டாகி, நடுவிலிருந்த இரண்டும் இடம் மாறி நின்றன.

அன்றிலிருந்து எனக்கு ராம்ப்தான். அதையும் கண்ணால் பார்த்துத் திருப்திப்படுவதில்லை. என் கேமராவில் பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசம் எப்போதும் 1, உச்சத்துக்குப் போனதும் மறுபடி 0. ஒவ்வொரு வரியிலும் நிரல் இதைச் சரிபார்க்கிறது. இதில்தான் என் மானத்தை வாங்கிய பிழை ஒன்று சிக்கியது. நான் பயன்படுத்திய 12 பிட் வடிவத்தில் இரண்டு பிக்சல்களை மூன்று பைட்டில் அடைத்து அனுப்புவார்கள், நடு பைட்டில் இரண்டின் கீழ் 4 பிட்டுகளும் இருக்கும். அவற்றை நான் மாற்றிப் பிரித்திருந்தேன். நிஜக் காட்சியில் கொஞ்சம் இரைச்சல் கூடியது போலத்தான் தெரிந்தது, சென்சாரைத் திட்டிக்கொண்டே எட்டு மாதம் ஓட்டினேன். ராம்ப்பில் 0, 1, 2, 3 வர வேண்டிய இடத்தில் 1, 0, 3, 2 என்று வந்தது. திருத்தியது ஒரே வரி.

அசையாத ராம்ப்புக்கும் ஒரு குறை உண்டு. பழைய ஃபிரேமே (ஒரு முழுப் படம்) பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் உறைந்து நின்றாலும் சோதனை பாஸ் ஆகிவிடும். அதனால் நகரும் ராம்ப். என்னுடையதில் ஃபிரேமுக்கு ஒரு படி நகர்கிறது; நகராவிட்டால் அதே ஃபிரேம் திரும்ப வந்திருக்கிறது, இரண்டு படி தாண்டினால் ஒன்று தொலைந்திருக்கிறது. நெட்வொர்க் கேபிளில் இயங்கும் கிகாபிட் கேமராவில், தரவைப் பெரிய பொட்டலங்களாக அனுப்பும் ஜம்போ பாக்கெட்டைக் கேமராவில் மட்டும் 9000 பைட் என்று வைத்துவிட்டு, வழியிலுள்ள நெட்வொர்க் சுவிட்சை 1500-லேயே விட்டுவிட்டால் படமே வராது, அதற்கு ராம்ப் தேவையில்லை. ஆனால் பக்கத்து மோட்டார் சுழலும்போது மட்டும் சில வரிகள் கெடுவதைப் பிடிக்க, இரவு முழுக்க ராம்ப்பை ஓடவிட்டுப் பிழைகளை நேரத்தோடு பதிவு செய்வதுதான் எனக்கு உதவியது.

காமா (பிரகாசத்தை மாற்றியமைக்கும் திருத்தம்), ஜேபெக் சுருக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் எண்கள் பொருந்தாது. பிக்சல் செத்திருப்பதையோ ஃபோகஸ் போயிருப்பதையோ இது காட்டவும் காட்டாது.

அப்புறம், ஒருமுறை பேட்டர்னை அணைக்காமலே அமைப்புகளைக் கேமராவில் சேமித்துவிட்டேன். மறுநாள் கேமராவை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் சாம்பல் நிறச் சரிவுதான் வந்தது, சென்சார் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். இப்போது என் நிரல் தொடங்கியதும் முதல் வேலையாக டெஸ்ட் பேட்டர்ன் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று கேமராவிடம் கேட்டுவிடுகிறது.