சமூக பாலே பள்ளியில் சில ஆண்டுகள்: பிலாட்டிஸ் வகுப்பைத் தவறவிடாதீர்கள்

வளர்ந்த பிறகு பாலே கற்கலாமா என்று விசாரிப்பவர்கள் வயதைப் பற்றிக் கேட்கிறார்கள், உடல் வளையுமா என்று கேட்கிறார்கள், என்ன உடுத்த வேண்டும் என்று கேட்கிறார்கள். சமூகப் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகளாகப் பயின்றுவரும் நான் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: அங்கே பிலாட்டிஸ் வகுப்பு, அதாவது பாயிலும் கருவியிலும் செய்யும் உடல் வலுவூட்டல் பயிற்சி, உண்டா? உண்டென்றால், அதை நடத்துபவருக்கு பாலே வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரியுமா? ஒரு பள்ளி தன் மாணவர்களின் உடலை எவ்வளவு அக்கறையோடு நடத்துகிறது என்பதை இந்தக் கேள்விக்கான பதிலே பெருமளவு சொல்லிவிடும்.

நான் பயிலும் பள்ளி தொழில்முறைக் கலைஞர்களை உருவாக்கும் இடம் அல்ல. பெற்றோரும் பழைய மாணவர்களும் சேர்ந்த குழு ஒன்று லாப நோக்கமின்றி அதை நடத்துகிறது. மழலையருக்கான அசைவு வகுப்பு, சிறுவர் சிறுமியருக்குப் படிநிலை வகுப்புகள், பதின்வயதினருக்குப் பாயின்ட் ஷூ (விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான கடினமுனைக் காலணி) வகுப்பு, பெரியவர்களுக்குத் தொடக்க நிலையும் இடைநிலையும், முதியோருக்கு நாற்காலியில் அமர்ந்தபடி ஆடும் வகுப்பு என்று வாரம் முழுவதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். தேர்வு வைத்து யாரையும் வடிகட்டுவதில்லை. ஒருவருடைய எடையைப் பற்றியோ உடல்வாகைப் பற்றியோ வகுப்பில் பேசக் கூடாது என்பது எழுத்தில் உள்ள விதி. அந்த விதியை ஆசிரியர்கள் உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள் என்பதற்காகவே எனக்கு அந்தப் பள்ளியின் மீது மதிப்பு அதிகம்.

பாலே வகுப்பு எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளியே, அதாவது முழங்காலை மடக்கி எழுவது. பிறகு தாந்து: பாதம் தரையைத் தேய்த்தபடியே விரல்நுனி வரை நீளும். அடுத்து, நீட்டிய காலால் தரையில் அரைவட்டம் வரையும் ரோன் த ஜாம்ப். இப்படியே போய், முடிவில் காலை உயர வீசும் கிராண்ட் பாட்மான். அதற்குப் பிறகுதான் கம்பியை விட்டு அறையின் நடுவுக்கு வருகிறோம். அங்கே மெதுவான அடாஜியோ, சுழற்சி, சிறு தாவல், பெரும் தாவல். கடைசியில் ஆசிரியருக்கும் இசைப்பவருக்கும் வணங்கி முடிக்கும் ரெவெரான்ஸ். பதினான்காம் லூயி மன்னர் 1661இல் பாரிஸில் நடனக் கழகம் நிறுவிய அதே நூற்றாண்டில் வகுக்கப்பட்ட ஐந்து பாத நிலைகளில்தான் நாங்களும் நிற்கிறோம்.

ஒரே பயிற்சியை எத்தனை மாதம் செய்வது என்று சலித்து முதல் பருவத்திலேயே நின்றுவிடுபவர்கள் உண்டு. எனக்குப் பிடித்ததே அந்த மாறாத வரிசைதான். பயிற்சி மாறாததால், உடலில் நேரும் சிறு மாற்றமும் கண்ணில் படுகிறது. போன வாரம் ஆடாமல் நின்ற கணுக்கால் இந்த வாரம் நடுங்கினால் முதல் தாந்துவிலேயே தெரிந்துவிடும். வாரத்தில் ஒரு வகுப்புக்கு பியானோ கலைஞர் ஒருவர் வருகிறார். அந்த வகுப்பில் எங்கள் மூச்சைப் பார்த்து இசை சற்று நீளும், சற்றுச் சுருங்கும். ஒலிப்பதிவோடு ஆடிப் பழகியவர்கள் ஒருமுறையாவது இதை அனுபவிக்க வேண்டும்.

பெரியவர்கள் திணறும் இடம் டர்ன்அவுட். பாதங்கள் வெளிப்புறம் நோக்கித் திரும்பி நிற்பதைக் கண்ணாடியில் பார்க்கும்போது, அது பாதத்தின் வேலை என்றே தோன்றும். உண்மையில் அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டில் தொடங்க வேண்டும். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். வளர்ந்த பிறகு எந்தப் பயிற்சியாலும் அந்த எலும்பமைப்பை மாற்ற முடியாது. இடுப்பு தராத கோணத்தைப் பாதத்தால் வலிந்து பெற முயன்றால் முழங்காலின் உட்புறம் முறுக்கப்படுகிறது, உள்ளங்கால் வளைவு தரையில் சரிகிறது. அகன்ற கோணத்தில் பாதங்களை வைத்து நிற்பவர்களைவிட, குறுகிய கோணத்தில் முழங்காலும் பாதமும் ஒரே திசையைப் பார்க்க நிற்பவர்களே நன்றாக ஆடுவதை எங்கள் வகுப்பில் தொடர்ந்து பார்க்கிறேன்.

"இடுப்பிலிருந்து திருப்புங்கள்" என்று பாலே ஆசிரியை சொல்வார். எந்தத் தசையால் என்பதை, முப்பது பேருக்கு இசையோடு வகுப்பு நடத்துகிறவர் ஒவ்வொருவருக்கும் தொட்டுக் காட்ட முடியாது. அந்த விடையை எனக்குத் தந்தது பிலாட்டிஸ் அறை. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்களைச் சேர்த்துவைத்து, மேல் முழங்காலை மட்டும் மெல்லத் திறக்கச் சொன்னார் பயிற்றுநர். இடுப்பெலும்பு பின்னால் சாயக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. பார்வைக்கு மிக எளிய அசைவு. சிறிது நேரத்தில் பிட்டத்துக்கு அடியில், மிக ஆழத்தில், அதுவரை இருப்பதே தெரியாத ஓரிடம் எரியத் தொடங்கியது. தொடையை வெளிப்புறம் திருப்பும் ஆறு சிறு தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த பாலே வகுப்பில் குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை வெளிப்புறம் திருப்பி முதல் நிலையில் நின்றபோது ஆசிரியை எதைச் சொல்லிவந்தார் என்பது விளங்கியது.

பிலாட்டிஸ் முறைக்கும் பாலேவுக்கும் உறவு நீண்டது. 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தடுப்புக்காவலில் இருந்த ஆண்டுகளில் தம் பயிற்சிகளை வளர்த்தெடுத்தார். 1920களில் நியூயார்க் சென்று அங்கே பயிற்சிக்கூடம் நடத்தினார். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகளின் வட்டத்துக் கலைஞர்கள் அவரைத் தேடிச் சென்றார்கள். காயம்பட்டவர்கள் மீள்வதற்கும், காயம்படாமல் இருப்பதற்கும். 1945இல் அவர் வெளியிட்ட நூலில் பாயில் செய்யும் பயிற்சிகள் 34 உள்ளன. எங்கள் பள்ளியில் அவற்றில் ஒரு பகுதியைத்தான் செய்கிறோம். மேலே சொன்ன பக்கவாட்டுப் பயிற்சி போலப் பிற்காலத்தில் சேர்ந்தவையும் உண்டு.

வகுப்பின் தொடக்கத்தில் மல்லாந்து படுத்து மூச்சை மட்டும் கவனிக்கிறோம். வயிறு உப்பாமல், விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சு இழுக்க வேண்டும். பிறகு இடுப்பின் நடுநிலை: இரு இடுப்பு முன்னெலும்புகளும் அடிவயிற்றின் கீழெலும்பும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். முதுகைத் தரையில் அழுத்தவும் கூடாது, வில்லாக வளைக்கவும் கூடாது. கம்பி அருகே நிற்கும்போது பிட்டத்தை இறுக்கி இடுப்பை உள்ளே சுருட்டிக்கொள்ளும் பழக்கம் எங்களில் பலருக்கு இருந்தது. அப்படிச் சுருட்டினால் தொடை திரும்புவதற்கான இடமே குறைந்துபோகிறது. இதைத் திருத்தியதும் படுத்த நிலைதான். நின்றுகொண்டு திருத்தியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

'நூறு' என்னும் பயிற்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தலையும் தோளும் தரையிலிருந்து எழுந்திருக்க, கால்கள் நீண்டிருக்க, கைகள் பக்கத்தில் மேலும் கீழும் துடிக்க வேண்டும். ஐந்து துடிப்புக்கு மூச்சு உள்ளே, ஐந்து துடிப்புக்கு வெளியே. இப்படிப் பத்துச் சுற்று. இதில் வயிற்றைவிட எனக்குப் பயன்பட்டது கழுத்து. கை வேகமாக இயங்கும்போதும் கழுத்தும் முகமும் தளர்ந்திருக்கலாம் என்பதை அங்கே கற்றதால், தாவல் வரிசைகளில் என் தோள்கள் காதை நோக்கி ஏறுவது நின்றது.

பள்ளியில் ரிஃபார்மர் கருவிகள் சிலவே உள்ளன. சட்டகத்துக்குள் இழுப்பறைபோல் சறுக்கும் மெத்தை, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், பாதம் வைக்க ஒரு கம்பி. மல்லாந்து படுத்துக் கம்பியை மிதித்துத் தள்ளினால், அது படுத்த நிலையில் செய்யும் பிளியே. உடலின் முழுப் பாரமும் காலில் இறங்காததால் முழங்கால் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கால் அதிகம் தள்ளுகிறது என்று நிதானமாகக் கவனிக்கலாம். ஸ்பிரிங் குறைந்தால் எல்லாமே எளிதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சில பயிற்சிகளில் பிடிப்புக் குறையக் குறைய மெத்தையை நிலைநிறுத்தும் பொறுப்பு முழுவதும் நம் நடுவுடலுக்கு வந்துசேரும்.

பலன் என்ன? ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் நன்றாகக் கூடியது. ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டும் அரபெஸ்க்கில் பின்காலைத் தூக்கும்போது இடுப்புக்கு மேலே வலிப்பது இப்போது இல்லை. குப்புறப் படுத்துச் செய்யும் 'அன்னம்', 'நீச்சல்' பயிற்சிகள் மேல்முதுகையும் வளைவில் பங்கேற்க வைத்துவிட்டன. கால் உயரம் பெரிதாகக் கூடவில்லை. சுழற்சியும் பிலாட்டிஸால் வரவில்லை. பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்தித் தலையைத் திருப்பும் பழக்கத்துக்கு, அறையின் நடுவில் நின்று சுழன்று பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாயின்ட் ஷூ எப்போது என்று சிறுமிகள் ஆவலோடு கேட்பார்கள். எங்கள் பள்ளியில் அதற்குப் பிறந்தநாள் ஒரு தகுதி அல்ல. ஒற்றைக் காலில் குதிகாலைத் தொடர்ந்து முழு உயரத்துக்கு ஏற்றி இறக்க முடிகிறதா, கணுக்கால் வெளிப்புறம் சாயாமல் இருக்கிறதா, நடுவுடல் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். போதாதென்றால் இன்னொரு பருவம் பிலாட்டிஸும் பாத வலுவூட்டலும் செய்யச் சொல்கிறார்கள். அழுத பிள்ளைகளையும் வாதாடிய பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். பள்ளி அசையவில்லை, அதுதான் சரி.

முதியோர் வகுப்பில் பார்க்கின்சன் நோய் உள்ள சிலரும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு முன்னோடியாக மார்க் மோரிஸ் நடனக் குழு 2001இல் நியூயார்க்கின் புரூக்லினில் ஒன்றைத் தொடங்கியது. எங்கள் பள்ளியில் அந்த வகுப்புக்குத் துணைக்கு நிற்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. நாற்காலியில் அமர்ந்தபடி கைகளை விரிக்கும் போர் த பிராவை அவர்கள் செய்வதைப் பார்த்துத்தான், கையசைவு தோள்பட்டை எலும்பின் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

குறைகளும் உண்டு. தொடக்க நிலை வகுப்பில் புதியவர்களும் பல பருவம் முடித்தவர்களும் ஒன்றாக நிற்பதால் புதியவர்களுக்கு விளக்கம் போதவில்லை. பாய் வகுப்பில் கூட்டம் அதிகம். படுத்திருப்பவரின் இடுப்பு நிலையைப் பயிற்றுநர் அருகில் வந்து பார்க்காவிட்டால் அந்த வகுப்பின் பயனே பாதியாகிவிடுகிறது. எனக்கு உண்மையில் வருத்தம் தருவது ஆண்டு நிகழ்ச்சிக் காலம். உடை தைப்பதும் மேடைத் திரைக்கு வண்ணம் பூசுவதும் எல்லாரும் சேர்ந்து செய்யும் மகிழ்ச்சியான வேலைகள்தான். ஆனால் ஒத்திகைக்கு இடம் வேண்டும் என்று முதலில் ரத்தாவது பிலாட்டிஸ் வகுப்பு. தாவல்களும் ஒத்திகை நேரமும் மிக அதிகமாக இருக்கும் அந்த வாரங்களில்தான் கெண்டைக்கால் இழுப்பும் கணுக்கால் வலியும் வருகின்றன. வலுவூட்டலை நிறுத்தக் கூடாத நேரம் அதுவே.

சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். தரை அடியில் நெகிழ்வு கொடுத்துக் கட்டப்பட்டதா, வெறும் சிமென்ட் மீது விரிப்பு போட்டதா என்று கேளுங்கள். வெறும் சிமென்ட் என்றால் தாவல் வகுப்பில் சேர வேண்டாம். தொடக்கத்துக்கு மென்மையான துணிக் காலணி போதும், அது விரல்களை நெருக்காமல் பாதத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், இரண்டையும் பாலேவுக்குக் கொடுக்காமல் ஒன்றை பிலாட்டிஸுக்குக் கொடுங்கள். ஆண்டு நிகழ்ச்சி மாதங்களிலும் பாய் வகுப்பு தொடர வேண்டும், தேவையென்றால் நீளத்தைக் குறைத்தாவது நடத்த வேண்டும் என்று பெரியவர்கள் வகுப்பில் பலர் கையெழுத்திட்டுக் குழுவிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த பருவத்துக்கான அட்டவணையில் அதைச் சேர்ப்பதாகக் குழு சொல்லியிருக்கிறது.